மீன் செத்த நேரமும் தண்ணீர் எடுத்த நேரமும்

பசலி ஆண்டு ஜூன் 30-ஆம் தேதியோடு முடிகிறது. பல கண்மாய்களில் மீன்பாசி ஏலம் எடுத்தவர்களின் குத்தகையும் அதோடு முடிவதால், அதற்குள் மீனைப் பிடித்துக் கரையேற்றியாக வேண்டும். தண்ணீர் வற்றி, வெயில் ஏறி, விடியற்காலையில் மீன் மிதக்கத் தொடங்குவதும் இதே பருவத்தில்தான். வாசகர் கடிதங்கள் பல ஊர்களிலிருந்து வந்தாலும் குழப்பம் ஒன்றுதான். “ஆக்ஸிஜன் குறைந்து மீன் செத்துவிட்டது என்கிறார்கள். அதே கண்மாய்த் தண்ணீரைப் பரிசோதித்து, ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கிறது என்றும் எழுதிக் கொடுக்கிறார்கள். எதை நம்புவது?”

முதலில் மணியைப் பாருங்கள். பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கும் கண்மாயில் பிற்பகல் மூன்று மணிக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் இருக்கும். இரவெல்லாம் பாசியும் மீனும் சேற்றுக் கிருமிகளும் அதையே சுவாசித்துத் தீர்ப்பதால், விடியலுக்குச் சற்று முன் அது 1 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடலாம். மீன் சாவது அப்போது. தண்ணீர் எடுக்க ஆள் வருவது பதினோரு மணிக்கு. மாதிரி எடுத்த மணி குறிக்கப்படாத ஆக்ஸிஜன் அளவை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆனால் அப்படிப்பட்ட எண்களை வைத்துத்தான் பல கோப்புகள் மூடப்படுகின்றன.

ஆனால் எனக்குக் கவலை தருவது அதுவல்ல. ‘ஆக்ஸிஜன் குறைபாடு’ என்ற சொல்லே மீனின் செவுளில் நடப்பதில் பாதியைத்தான் சொல்கிறது.

மீன் வாங்கும்போது செவுள் மூடியைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்போமே, அந்தச் சிவப்பை இன்னும் நெருங்கிப் பாருங்கள். பக்கத்துக்கு நான்கு வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு வரிசையாகச் சீப்புப் பல் போன்ற இழைகள். ஒவ்வோர் இழையின் இரு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் நூற்றுக்கணக்கில் அடுக்கி நிற்கும். இரத்தத்துக்கும் வெளித்தண்ணீருக்கும் இடையே இருப்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனமுள்ள சவ்வு மட்டுமே.

இவ்வளவு நுட்பம் ஏன் தேவைப்பட்டது? ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பத்தில், குறைவில்லாமல் கரைந்திருக்கும் நன்னீரில்கூட லிட்டருக்கு ஐந்தாறு மில்லிலிட்டர்தான், எடையில் 7.5 மில்லிகிராம். தண்ணீரோ காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதை வாயால் இழுத்துச் செவுள் வழியே தள்ளவே மீன் தன் சக்தியில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறது. அப்படி இழுத்த தண்ணீரில் இருப்பதை வீணாக்கினால் பிழைக்க முடியாது.

வீணாக்காமல் இருக்கும் வழிதான் வியப்பூட்டுவது. தகடுகளின் மேல் தண்ணீர் ஒரு திசையில் ஓடுகிறது. உள்ளே இரத்தம் நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது. ஆக்ஸிஜன் தீர்ந்த இரத்தம் தகட்டுக்குள் நுழையும் இடத்தில், வெளியே இருப்பது பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டுப் புறப்படும் தண்ணீர். அதிலும் இரத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆக்ஸிஜன் இருக்கும். அது உள்ளே போகும். இரத்தம் முன்னேற முன்னேற, எதிரே வரும் தண்ணீர் புதிதாகிக்கொண்டே இருக்கும். வெளியேறும் இடத்தில் இரத்தம் சந்திப்பது அப்போதுதான் உள்ளே வந்த தண்ணீரை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை எந்த இடத்திலும் தண்ணீரின் கை மேலேயே இருக்கிறது. இரண்டும் ஒரே திசையில் ஓடியிருந்தால் பாதி வழியிலேயே சமமாகிப் பரிமாற்றம் நின்றிருக்கும். 1952-இல் டென்ச் என்ற ஐரோப்பியக் கெண்டையின் செவுளில் தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். அதுவரை தண்ணீரிலிருந்து 51 சதவீத ஆக்ஸிஜனை எடுத்த செவுளால் 9 சதவீதம்தான் எடுக்க முடிந்தது. சில மீன்கள் 80 சதவீதம் வரை எடுக்கின்றன. நம் நுரையீரல், இழுத்த காற்றின் ஆக்ஸிஜனில் நான்கில் ஒரு பங்கைத்தான் எடுக்கிறது.

இதன் விலையை மீன்தான் கொடுக்கிறது. ஆக்ஸிஜனை வடித்தெடுக்கும் அந்தச் சவ்வு தண்ணீரில் கரைந்திருக்கும் மற்றவற்றுக்கும் வாசல். ஆக்ஸிஜன் குறையக் குறைய மீன் இன்னும் வேகமாகத் தண்ணீரை இழுக்கும். அதனோடு நஞ்சும் கூடுதலாகச் செவுளைத் தொடும்.

கண்மாய்களைப் பொறுத்தவரை அந்த நஞ்சு பெரும்பாலும் அம்மோனியா. மீனின் முக்கியக் கழிவே அதுதான். பெரும்பகுதி செவுள் வழியாகத்தான் வெளியேறும். இரத்தத்தில் அதிகமாகவும் தண்ணீரில் குறைவாகவும் இருக்கும்வரை சிக்கலில்லை. ஊர்ச் சாக்கடையோ, மீன் கொழுக்கட்டும் என்று கொட்டிய கோழி எருவோ தண்ணீரில் அம்மோனியாவை ஏற்றிவிட்டால் கழிவு வெளியேற வழியில்லாமல் இரத்தத்திலேயே தேங்கும்.

தண்ணீரில் அம்மோனியா இரண்டு உருவில் இருக்கிறது. மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் எளிதில் சவ்வைத் தாண்டாது. மின்னூட்டமில்லாத அம்மோனியா தாண்டிவிடும், கொல்வது அதுதான். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் காரத்தன்மை, அதாவது பிஎச் அளவு, தீர்மானிக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 என்றால் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு உருவில் இருக்கும். பிஎச் 8-இல் 7.5 சதவீதம். பிஎச் 9-இல் சுமார் 45 சதவீதம். வெயிலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்சத் தண்ணீரின் பிஎச் ஏறும். ஆக, ஆக்ஸிஜன் மீட்டர் மிக நல்ல எண்ணைக் காட்டும் அதே பிற்பகலில்தான் அம்மோனியா மிகக் கொடியதாகிறது. நாள்தோறும் அதில் அடிபட்ட செவுள் வீங்கித் தடிக்கிறது. தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அந்தச் செவுளோடு மீன் இரவைக் கடக்க வேண்டும். ஆரோக்கியமான செவுள் தாங்கியிருக்கும் ஒரு விடியலை அது தாங்காது. அறிக்கையில் எழுதப்படுவது ‘ஆக்ஸிஜன் குறைபாடு’. மீன் எப்படிச் செத்தது என்பதற்கு அது பதிலாகலாம். எதனால் செத்தது என்பதற்குப் பதில் இல்லை.

அரசு வரம்பையும் பார்த்துவிடுவோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மீன் வளர்ப்புக்கும் வனவிலங்குகளுக்கும் ஏற்றது என்று ‘டி’ வகைத் தண்ணீரை வரையறுக்கிறது: ஆக்ஸிஜன் 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பிஎச் 6.5 முதல் 8.5 வரை, நைட்ரஜன் கணக்கில் கட்டற்ற (அதாவது மின்னூட்டமில்லாத) அம்மோனியா 1.2 மில்லிகிராம் வரை. உணவு வேளாண்மை அமைப்பின் கீழ் இயங்கிய ஐரோப்பிய உள்நாட்டு மீன்வள ஆலோசனைக் குழு 1970-இல் பரிந்துரைத்த உச்சவரம்பு 0.025 மில்லிகிராம். நம்முடையது அதைப்போல ஏறக்குறைய 50 மடங்கு. மொத்த அம்மோனியா 2 மில்லிகிராமும் பிஎச் 8.5-உம் உள்ள கண்மாய்த் தண்ணீரில் நச்சு அம்மோனியா சுமார் 0.4 மில்லிகிராம் இருக்கும். பகலில் எடுத்தால் அந்தத் தண்ணீர் மூன்று வரம்பிலும் தேறிவிடும். அதில் வாழும் கட்லாவின் செவுள் மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கும்.

பெரியாற்றில் 2024 மே மாதம் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. கொச்சி அருகே ஏலூர், எடையார் தொழிற்பேட்டைகளை ஒட்டிய பகுதியில் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. கூண்டில் மீன் வளர்த்தவர்களின் முதலீடு போனது. பாதாளம் தடுப்பணையின் ஷட்டர்களைத் திறந்ததால் ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது என்றது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கேரள மீன்வள, கடல் ஆய்வுப் பல்கலைக்கழகத்தின் குழுவோ அம்மோனியாவும் சல்பைடும் ஆபத்தான அளவில் இருந்ததைக் கண்டது. ஹைட்ரஜன் சல்பைடு, உயிரணு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியையே முடக்கும். இரத்தத்தில் ஆக்ஸிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறிச் சாகும்.

கரையில் நின்றே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். வெறும் ஆக்ஸிஜன் குறைவென்றால் சாவு விடியலை ஒட்டி நடக்கும். பெரிய மீன் முதலில் போகும். கட்லாவும் வெள்ளிக் கெண்டையும் மிதக்கும்போது விராலும் கெளுத்தியும் தப்பியிருக்கும். நேரங்காலம் இல்லாமல், பொடி மீனும் பெரிய மீனும் சேர்ந்து, காற்றைச் சுவாசிக்கும் விராலும் செத்துக் கிடந்தால் ‘இயற்கையான நிகழ்வு’ என்ற விளக்கத்தை ஏற்காதீர்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மீன் வாய் பிளந்தால் சுண்ணாம்பு போடலாமா? கூடாது, பிஎச் ஏறி அம்மோனியா இன்னும் கொடியதாகும், புதுத் தண்ணீர் விடுங்கள், எருவையும் தீவனத்தையும் நிறுத்துங்கள்.

விரால் எப்படிப் பிழைக்கிறது? செவுளுக்கு மேலே காற்றை வாங்கும் அறை இருக்கிறது. மேலே வரவிடாமல் தடுத்தால் நல்ல தண்ணீரிலும் திணறிவிடும்.

கடல் மீன் கண்மாயில் ஏன் வாழாது? உப்பை வெளியேற்றப் பழகிய செவுளுக்குப் பெரும்பாலான மீன்களில் உப்பைச் சேமிக்கத் தெரியாது; விலாங்கும் கொடுவாவும் விதிவிலக்கு.

இறால்? அதற்கும் செவுள் உண்டு, இரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு.

செத்து மிதக்கும் மீனைச் சாப்பிடலாமா? வேண்டாம்.

மீன் மிதக்கிறது என்றால் அதிகாரிகளுக்காகக் காத்திராதீர்கள். விடிவதற்குள் சுத்தமான பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஐஸில் வையுங்கள். பிற்பகலில் இன்னொரு பாட்டில் எடுங்கள். ஆக்ஸிஜனும் வெப்பமும் பிஎச்சும் பாட்டிலில் மாறிவிடும் என்பதால் மூன்றையும் கரையிலேயே அளந்து, நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். சாகும் தறுவாயில் உள்ள மீன் இரண்டை முழுதாக, செவுள் எடுக்காமல் ஐஸில் போடுங்கள். மனுவில் நான்கு எண்களைக் கேளுங்கள்: ஆக்ஸிஜன், வெப்பம், பிஎச், மொத்த அம்மோனியா; ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு எடுத்தது என்பதோடு. இவை இல்லாத அறிக்கையைக் காரணமாக ஏற்றுக் கையெழுத்துப் போடாதீர்கள்.