தலையாட்டும் நாற்காலிகள்



நம் சங்கத்துக் கணக்கைத் தணிக்கை செய்ய ஓர் ஆள் வேண்டும். பொருளாளர் எழுகிறார். "வெளியே எதற்குத் தேட வேண்டும்? என் மைத்துனர் இருக்கிறார், அவரே பார்க்கட்டும்" என்கிறார். விடுவோமா? "உட்காரும் ஐயா!" என்று நாலாபுறமும் குரல் எழும். கைநாட்டு வைக்கும் தோழருக்கும் தெரிந்த நியாயம் இது. ஊரார் பணத்தைக் கோடி கோடியாய்த் திரட்டித் தொழில் நடத்தும் பெரிய கம்பெனிகளில் மட்டும் இந்த நியாயம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது!

அங்கே சுயேச்சை டைரக்டர் என்று ஒருவரை உட்கார வைக்கிறார்கள். முதலாளிக்கு உறவினராக இருக்கக் கூடாது, அவரோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்பது விதி. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளில் டைரக்டர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது இப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆளைத் தேடிப் பிடித்து அழைத்து வருபவர் யார்? பெரும்பாலும் அதே முதலாளிதான்!

ஐதராபாத்தின் சத்யம் கம்பெனியை நினைவிருக்கிறதா? அந்த டைரக்டர் சபையில் யார் யார் இருந்தனர் தெரியுமா? சர்க்காரின் கேபினட் செயலாளராக இருந்தவர், ஐ.ஐ.டி.யின் தலைமைப் பதவி வகித்தவர், ஹார்வர்டு பேராசிரியர்! 2008 செப்டம்பரில், சிறந்த நிர்வாகம் என்று தங்க மயில் விருதும் வாங்கிக்கொண்டது அந்தக் கம்பெனி.

அவ்வாண்டு டிசம்பர் 16. சபை கூடுகிறது. தலைவர் ராமலிங்க ராஜுவின் புதல்வர்கள் நடத்திய மேட்டாஸ் என்ற பெயர் கொண்ட இரண்டு கம்பெனிகளை, 160 கோடி டாலர் கொடுத்துச் சத்யம் வாங்க வேண்டுமாம். சத்யம் என்ற ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் மேட்டாஸ்; பெயரிலேயே விஷயம் இருந்தது! சுயேச்சை டைரக்டர்கள் சில கேள்விகள் கேட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. கேட்டு முடித்து, ஒருமனதாகத் தலையாட்டினார்கள்.

தடுத்தது யார்? சந்தை! பங்குக்காரர்கள் கொதித்தெழ, விலை சரிய, சில மணி நேரத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7-ஆம் நாள், ராஜுவே கடிதம் எழுதினார். கணக்கில் ரொக்கமும் பாங்கி இருப்புமாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை! புலி மேல் ஏறிவிட்டேன், இறங்கினால் அது தின்றுவிடும் என்ற நிலை என எழுதினார். புலி மேல் ஏறியவர் அவர். புலியின் வாயருகே நின்றவர்களோ, அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தவித்த ஐம்பதாயிரம் ஊழியர்கள்.

சர்க்கார் அந்தச் சபையைக் கலைத்துப் புதிய டைரக்டர்களை நியமித்தது. ஏப்ரலில் கம்பெனி கைமாறியது. 2015-இல் ஐதராபாத் நீதிமன்றம் ராஜுவுக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. தணிக்கையாளர் இருவரும் தண்டனை பெற்றனர். சுயேச்சை டைரக்டர்கள் திருடினார்கள் என்று நாம் கூறவில்லை. வீட்டுக்குள் திருட்டு நடக்க, அவர்கள் கூடத்தில் கௌரவமாக அமர்ந்திருந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. அவர்களில் ஒருவர் 1991 முதல் அந்த நாற்காலியில் இருந்தவர்.

நெடுங்காலம் இருந்தால் பழக்கம் வரும், பழக்கம் வந்தால் கண் மூடும் என்று கருதித்தான் புதிய சட்டம் கெடு வைத்தது. ஐந்தாண்டு, இன்னோர் ஐந்தாண்டு, பிறகு மூன்றாண்டு விலகி இருக்க வேண்டும். ஆனால் 2014-க்கு முந்திய காலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. இருபதாண்டு இருந்தவருக்கும் புதிதாய்ப் பத்தாண்டு கிடைத்தது! அந்தக் கெடு 2024 மார்ச் 31-இல் முடிந்தபோது, நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்தில் வெளியேறினர். பழைய சங்கதி தெரிந்தவர்கள் போய்விட, புதியவர்களுக்கு நிர்வாகம் சொல்வதே வேதம். புதிய ஆளை ஏமாற்றுவது பழைய ஆளை ஏமாற்றுவதைவிட எளிது. எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் சொல்வார்.

தலையாட்ட மறுத்தால் என்ன ஆகும்? 2016-இல் டாட்டா குழுமத் தலைமையிலிருந்து சைரஸ் மிஸ்திரி நீக்கப்பட்டபோது, அவர் பக்கம் நின்ற நுஸ்லி வாடியா அக்குழுமக் கம்பெனிகள் சிலவற்றில் சுயேச்சை டைரக்டர். பல பத்தாண்டுகள் இருந்தவர். டிசம்பரில் ஓட்டெடுத்து அவரையும் வெளியேற்றினார்கள். நியாயம் யார் பக்கம் என்பது வேறு விஷயம். மிஸ்திரி நீக்கத்தில் 2021-இல் உச்ச நீதிமன்றம் டாட்டா பக்கமே தீர்ப்பளித்தது. நாம் பார்க்க வேண்டியது, பெரும்பங்கு உள்ளவர் கை தூக்கினால் சுயேச்சையின் ஆயுள் முடிகிறது என்பதை. 2022 முதல் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியம் இத்தகைய நியமனத்துக்கும் நீக்கத்துக்கும் நூற்றுக்கு எழுபத்தைந்து ஓட்டு வேண்டும் என்று இறுக்கியது. நல்லது. ஆனால் முதலாளி தரப்பு வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட பங்கும் நூற்றுக்கு எழுபத்தைந்துதான்!

முதலாளி பொறுக்கி எடுக்காத, பத்தாண்டில் வீடு போய்விடாத, உள்ளே நடப்பது தெரிந்த ஒருவர் உண்டா? உண்டு. தொழிலாளி! ஜெர்மனியில் 1976 முதல், இரண்டாயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளின் மேற்பார்வைச் சபையில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. ரகசியம் வெளியே போய்விடும் என்று இங்கே நடுங்குகிறார்கள். அங்கே அதனால் தொழில் அழிந்துவிடவில்லை.

நம் நாட்டிலும் அதே 1976-இல் அரசியல் சட்டத்தில் 43-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள், நிர்வாகத்தில் தொழிலாளருக்குப் பங்கு என்று. 1990-இல் மசோதா கொண்டுவந்தார்கள், சட்டமாகவில்லை. தேசிய மயமான பாங்கிகளுக்கோ 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி டைரக்டர் சபையில் ஊழியர் ஒருவர் உட்கார வேண்டும். 2014-க்குப் பின் ஆண்டுக்கணக்கில் அந்த நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டே கூட்டங்களை நடத்தினார்கள். வாராக் கடன்கள் மலையாய்க் குவிந்ததும் அதே ஆண்டுகளில்தான்.