வயர் வண்டியோடு, டேப்லெட் கையோடு

டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, பின்சீட்டுகளைக் கழற்றி, படுக்கையும் சின்ன சமையல் மேடையும் வைத்துக் கேம்பர் வேனாக மாற்றியவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "டேஷ்போர்டில் ஒரு டேப்லெட்டைப் பதித்துவிட்டால் பாட்டுக்கும் ஆச்சு, வழி பார்க்கவும் ஆச்சு, இல்லையா?"

ஆச்சுதான். ஆனால் பதிக்க வேண்டாம். வண்டியில் நிரந்தரமாக இருக்க வேண்டியவை வயரும் ஸ்டாண்டும் ஸ்பீக்கரும் மட்டுமே. டேப்லெட் ஒரு கையால் கழற்ற வர வேண்டும். ஏன் என்பதை ஒரு டீ முடிவதற்குள் சொல்லிவிடலாம். எப்படி என்பதற்கு இன்னொரு டீ சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் காரணம் வெயில். டேப்லெட்டுக்குள் இருப்பது லிதியம் பேட்டரி. ஐபேடை 35 டிகிரி செல்சியஸ் வரைதான் இயக்கலாம், அணைத்து வைத்தாலும் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது ஆப்பிள். மற்ற டேப்லெட்டுகளின் பேட்டரிக்கும் இதே குணம்தான். மே மாதத்தில் திருச்சியில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வேனின் டேஷ்போர்டு 60 டிகிரியை எளிதாகத் தாண்டும். முழு சார்ஜில், அந்தச் சூட்டில், நாள்கணக்கில் கிடந்தால் பேட்டரி உப்பும். உப்பிய பேட்டரி திரையைத் தூக்கிவிடும், சில நேரம் தீப்பிடிக்கவும் செய்யும்.

இரண்டாவது காரணம் வயது. வேன் பதினைந்து வருடம் ஓடும். பல டேப்லெட்டுகளுக்கு நாலைந்து வருடம் கழித்து சாஃப்ட்வேர் அப்டேட் வருவது நின்றுபோகும். இன்றைய மாடலின் அளவுக்கு டேஷ்போர்டை வெட்டினால், அடுத்த மாடல் அந்த ஓட்டையில் உட்காராது.

மூன்றாவது காரணம் கேம்பர் வேனுக்கே உரியது. ராத்திரி வண்டியை ஓரங்கட்டிய பிறகு பாட்டும் படமும் வேண்டியது டிரைவர் சீட்டில் இல்லை, பின்னால் படுக்கையருகே. முன்னால் ஒரு ஸ்டாண்டும் பின்னால் ஒரு ஸ்டாண்டும் இருந்தால் ஒரே டேப்லெட் இரண்டு வேலையையும் பார்க்கும். வண்டியைப் பூட்டிவிட்டு இறங்கும்போது பையில் போட்டுக்கொண்டும் போகலாம்.

இனி எந்த டேப்லெட் என்று பார்ப்போம். திரை, நினைவகம் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே ஜிபிஎஸ் சிப் இருக்கிறதா என்பது. சிம் போடாத, வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் அது கிடையாது. அக்கம்பக்கத்து வைஃபை ரௌட்டர்களை வைத்துத்தான் அது இடத்தை ஊகிக்கும். ஊருக்குள் சரியாகக் காட்டுவது காட்டுச் சாலையில் திணறிப்போவது இதனால்தான். சிம் போடுகிற ஐபேடில் ஜிபிஎஸ் உண்டு. ஆண்ட்ராய்டில் வைஃபை மாடல்களிலும் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. சந்தேகமாக இருந்தால் ஏரோபிளேன் மோடில் போட்டு, வெட்டவெளியில் வைத்து, மேப்பைத் திறந்து பாருங்கள். நீலப் புள்ளி உங்களோடு சேர்ந்து நகர்ந்தால் சிப் இருக்கிறது.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வரும். ஜிபிஎஸ்ஸுக்கு இன்டர்நெட் வேண்டியதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தங்கள் சுற்றுப்பாதை விவரத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. டேப்லெட் அதைக் கேட்டுக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். அந்த ஒலிபரப்பின் வேகம் விநாடிக்கு 50 பிட். ஒரு செயற்கைக்கோளின் பாதை விவரம் முழுதாக வந்து சேரவே அரை நிமிடம் பிடிக்கும். நெட் இருந்தால் அதே விவரம் நொடியில் இறங்கிவிடும். சிக்னல் இல்லாத மலையில் டேப்லெட்டை ஆன் செய்ததும் இடம் தெரியவில்லை என்றால் கெட்டுப்போய்விட்டதாக நினைக்க வேண்டாம். வானம் தெரியும்படி சற்றுப் பொறுத்தாலே போதும்.

அளவில் 8 இன்ச் தோது. 10 இன்ச்சுக்கு மேல் போனால் ஏசி வென்டையோ சாலையையோ மறைக்கும். சாதாரண டேப்லெட்டின் வெளிச்சம் 400, 500 நிட்ஸ் அளவில் இருக்கும். நண்பகல் வெயிலில் அது மங்கித்தான் தெரியும் என்பதால், கண்ணாடியிலிருந்து தள்ளி, நிழல் விழும் இடத்தில் வைப்பது நல்லது. போலரைஸ்ட் கூலிங் கிளாஸ் போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே திரையைக் குறுக்கிலும் நெடுக்கிலும் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு வாக்கில் சில திரைகள் கறுப்பாகிவிடும்.

ஸ்டாண்டுக்கு வருவோம். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கப் வெயிலில் இளகிக் கழன்று விழும். டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் உள்ள இரும்புப் பட்டியில் திருகப்பட்ட தளம், அதில் பந்து மூட்டு வைத்த குட்டையான கை, அதன் முனையில் ஸ்பிரிங் கிளிப் என்று அமைப்பதே உறுதி. கை நீளமானால் ஒவ்வொரு வேகத்தடையிலும் திரை ஆடும். காந்தம் வைத்த ஸ்டாண்டும் பிடிக்கும்தான், ஆனால் டேப்லெட்டின் திசைகாட்டியைக் குழப்பும். வண்டி ஓடும்போது மேப் நகர்வை வைத்துத் திசையைக் கண்டுகொள்ளும். நின்ற இடத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்று பார்க்கும்போதுதான் அம்புக்குறி தப்பாகக் காட்டும். ஏர்பேக் மூடிக்கு முன்னால் எதையும் பொருத்தக் கூடாது. அது விரியும் வேகத்தில் டேப்லெட் முகத்துக்கு வரும்.

மின்சாரம்தான் பலரும் அவசரமாக முடித்துவிட்டுப் பிறகு வருந்தும் வேலை. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டால், "அண்ணே, ரேடியோ லைன்லயே கொடுத்துடறேன், அஞ்சு நிமிஷ வேலை" என்பார். வேலை செய்யும். ஆனால் பாட்டில் இரைச்சல் ஏறுவதற்கும் பாதி நேரம் அதுவே காரணம். தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். முன் ஸ்டாண்டுக்குச் சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் லைன். பின் ஸ்டாண்டுக்கு, லைட்டுக்கும் ஃபேனுக்கும் வைத்திருக்கும் தனி பேட்டரியிலிருந்து ஒரு லைன். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் ராத்திரி முழுக்கப் படம் பார்த்தால் காலையில் வண்டியைத் தள்ள வேண்டியிருக்கும்.

திரை முழு வெளிச்சத்திலும் ஜிபிஎஸ் ஓட்டத்திலும் இருக்கும் டேப்லெட் 8, 10 வாட் வரை இழுக்கும். 5 வோல்ட் 1 ஆம்பியர் தரும் பழைய சார்ஜர் கொடுப்பது 5 வாட்தான். செருகியிருந்தும் சார்ஜ் இறங்குகிறதே என்ற புகாரில் இதுதான் சங்கதி. 18 வாட்டுக்குக் குறையாத யுஎஸ்பி பிடி (பவர் டெலிவரி) சார்ஜர் வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். 12 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்பினால் வயரில் 2.4 ஆம்பியர் ஓடும். 12 வோல்ட்டில் அனுப்பினால் 1 ஆம்பியர் போதும். ஆம்பியர் கூடினால் வயரிலேயே வோல்ட் கரையும். ஒல்லிக் குழாயில் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏற்றினால் அங்கே சொட்டுச் சொட்டாக வருகிற கதைதான். ஆகவே 12 வோல்ட்டை ஸ்டாண்டு வரை கொண்டுபோய், அங்கே சார்ஜரைப் பொருத்தி, அரை மீட்டர் கேபிளில் டேப்லெட்டைச் செருகுங்கள்.

ஃபியூஸ் பேட்டரிப் பக்கம் இருக்க வேண்டும். அது காப்பாற்றுவது வயரைத்தான், டேப்லெட்டை இல்லை. 1 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் என்பது 14 வரை ஏறும், கண நேரத்துக்கு அதற்கு மேலும் துள்ளும். 9 முதல் 36 வோல்ட் வரை தாங்கும் என்று குறிப்பிட்ட சார்ஜரை வாங்கினால் அந்தத் துள்ளல்களைச் சமாளிக்கும். இன்வெர்ட்டரில் 230 வோல்ட் ஆக்கி, அதில் வீட்டுச் சார்ஜரைச் செருகுவது இரண்டு முறை நஷ்டம்.

பாட்டுக்குச் சுலபமான வழி புளூடூத். வண்டியில் ஏற்கெனவே உள்ள ஸ்டீரியோவோடு அதில் இணைத்துவிடலாம். ஆக்ஸ் வயரில் இணைத்தால் தரம் நன்றாக இருக்கும். ஆனால் அதே டேப்லெட் சார்ஜிலும் இருந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் ஒரு கீச்சொலி வரலாம். ஸ்டீரியோவும் சார்ஜரும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருக்க, அந்த இரண்டுக்கும் இடையே உள்ள சிறு வோல்ட் வித்தியாசம் ஆக்ஸ் வயர் வழியாக ஓடுவதே காரணம். இரண்டையும் ஒரே இடத்தில் எர்த் செய்து பாருங்கள். போகவில்லையென்றால் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐசொலேட்டர் ஒன்றை ஆக்ஸ் வயரின் நடுவே போட்டால் அடங்கும்.

தனியாக ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைப்பவர்கள் அதற்கு ஒரு சுவிட்சும் வைக்க வேண்டும். பாட்டு ஓடாதபோதும் ஆம்ப் சும்மா அரை ஆம்பியர் இழுக்கக்கூடும். பத்து மணி நேரத்தில் அது 5 ஆம்பியர்-அவர். 8 வாட் டேப்லெட்டில் ஐந்து மணி நேரம் படம் பார்த்தால் செலவாவது 3 ஆம்பியர்-அவர் சொச்சம்தான்.

வழி சொல்லும் குரலைப் பாட்டோடு கலக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு கூகுள் மேப்பில் குரலைப் புளூடூத்தில் அனுப்பாதே என்று அமைத்துவிட்டால், "இடதுபுறம் திரும்பவும்" டேப்லெட்டின் சொந்த ஸ்பீக்கரில் டிரைவருக்குக் கேட்கும். பின்னால் தூங்குகிறவர்கள் விழிக்க மாட்டார்கள். பாட்டுகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 256 கிலோபிட் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு 10 எம்பிக்குள் அடங்கும், ஆயிரம் பாட்டு 10 ஜிபி.

மேப்பும் அப்படியே. கூகுளில் போகிற மாவட்டங்களை ஆஃப்லைனில் சேமித்துக்கொண்டு, துணைக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடும் ஆஸ்மாண்டையோ ஆர்கானிக் மேப்ஸையோ வைத்துக்கொள்ளுங்கள். கேம்பர் வேன் காரைவிட உயரம். கூகுள் உங்கள் வண்டியின் உயரத்தைக் கேட்பதில்லை. ரயில்வே சப்வே வழியாகத் தயங்காமல் அனுப்பிவிடும். ஆஸ்மாண்டில் உயரத்தைக் குறிப்பிடலாம், ஆனால் அந்த சப்வேயின் உயரத்தை யாராவது வரைபடத்தில் ஏற்றியிருந்தால்தான் பலன். கூரையில் சோலார் பேனல், கேரியர் எல்லாம் வைத்த பிறகு டேப் பிடித்து அளந்து, மீட்டரில் எழுதி, திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மேப் குறுக்குவழி என்று காட்டுவது கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளாகவும் இருக்கலாம். குண்டலுப்பேட்டையிலிருந்து பந்திப்பூர் காட்டு வழியே ஊட்டிக்கு வருகிற சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். இதையெல்லாம் புறப்படும் முன் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டமும் ஒரு வரி சொல்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, வண்டி ஓட்டும்போது இந்த மாதிரிக் கருவிகளை வழி பார்க்க மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாதபடி. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் வேன் 33 மீட்டர் ஓடியிருக்கும். பாட்டு மாற்றுவது பக்கத்துச் சீட்டுக்காரரின் வேலை.

பட்டறைக்குப் போகும் முன் ஒன்று செய்யுங்கள். தற்காலிக ஸ்டாண்டும் சிகரெட் லைட்டர் சார்ஜருமாக ஒரு நண்பகலும் ஓர் இரவும் ஓட்டிப் பாருங்கள். பகலில் கண் கூசுகிறதா, இரவில் திரை முன்கண்ணாடியில் பிரதிபலிக்கிறதா, சாய்ந்த நிலையிலேயே கை எட்டுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். துளை போடுவது கடைசி வேலை. போடும் முன் டேஷ்போர்டைக் கழற்றி, பின்னால் எந்த வயர் ஓடுகிறது என்று எலக்ட்ரீஷியனைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.