திராட்சைக் குலையில் இனம் பிரிப்பது

'மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது' என்று மருத்துவர் சொன்னால், அது ஒரே நோயின் பெயர் போலக் காதில் விழும். எண்டோஸ்கோப்பில் பார்த்தாலும் அப்படித்தான்: தோலுரித்த திராட்சை போல வெளிறிப் பளபளத்துத் தொங்கும், தொட்டால் வலிக்காது. ஹிப்போகிரட்டீஸ் காலத்தில் நூலில் கட்டிய கடற்பஞ்சை மூக்கு வழியே வாய்ப்பக்கம் இழுத்து இதை எடுத்தார்கள்.

எடுத்தால் போய்விடுமா? சிலருக்குத் திரும்ப வருவதே இல்லை. சிலருக்கோ அறுவை சிகிச்சை முடிந்து ஓரிரு ஆண்டிலேயே மூக்கு மறுபடி அடைத்துக்கொள்கிறது.

சதை எந்த வகை என்பதைப் பொறுத்தது அது. வகையை அறிய முதல் துப்பு, சதை எந்தப் பக்கம் என்பது. கன்னத்துச் சைனஸில் ஒற்றைக் காம்பாகக் கிளம்பித் தொண்டையை நோக்கி இறங்கும் வகையை 1906-இல் மருத்துவர் கில்லியன் விவரித்தார். அது பெரும்பாலும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வருவது. பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் சதை இருந்தால், கட்டியோ என்று பயாப்ஸி செய்து பார்த்துவிடுவார்கள்.

இரு பக்கமும் இருந்து, வாசனையும் போய், ஆஸ்துமாவும் சேர்ந்திருந்தால் சந்தேகம் ஈசினோபில் என்ற வெள்ளணுவின் மேல் விழுகிறது. திரும்பத் திரும்ப முளைப்பது இந்த வகைதான். இதை முன்கூட்டியே பிடிக்க, ஜப்பானில் 15 மருத்துவ நிலையங்கள் 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2015-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டன. இரு பக்கமும் நோய் இருந்தால் 3; சதை இருந்தால் 2; சி.டி. ஸ்கேனில் கண்களுக்கு நடுவிலுள்ள சைனஸ் அதிகம் அடைத்திருந்தால் 2. ரத்த ஈசினோபில் 2 சதவீதத்தைத் தாண்டினால் 4, 5-ஐத் தாண்டினால் 8, 10-ஐத் தாண்டினால் 10. கூட்டுத்தொகை 11-ஐத் தொட்டால் ஈசினோபில் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். இதில் வழக்கத்துக்கு மாறான சோதனை எதுவும் இல்லை என்பதுதான் அழகு.

ஆஸ்பிரின் போட்டதும் மூச்சுத் திணறுகிறதா என்று கேட்பதும் இதே வரிசையில் வரும். சதை, ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் கூடுவதை மருத்துவர் விடால் 1922-லேயே கவனித்திருந்தார்.

வகை தெரிந்தால் மருந்தும் மாறும். இன்டர்லூக்கின் 4, 13 என்ற அழற்சிப் புரதங்களின் சமிக்ஞையை மறிக்கும் டுபிலுமாப் ஊசிக்கு 2019-இல் அமெரிக்கா இந்நோய்க்காக அனுமதி தந்தது. இத்தகைய ஊசிகளுக்கான ரத்த ஈசினோபில் எல்லையை ஐரோப்பிய வல்லுநர்கள் 2020-இல் மைக்ரோலிட்டருக்கு 250 என வைத்து, 2023-இல் 150 ஆக இறக்கினார்கள். அந்த எண்ணும் சில நேரம் ஏய்க்கும்: குடற்புழு இருந்தால் ஏறும், ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கினால் சட்டென இறங்கும். மாத்திரையைத் தொடங்கும் முன்பே ரத்தம் எடுப்பது அதனால்தான்.