வீடு வாங்கப் போறீங்களா?

சூலக்கரைப் பக்கம் வீடோ மனையோ வந்திருக்குன்னு புரோக்கர் சொன்னதும் அட்வான்ஸைக் கொடுத்துடாதீங்க. முதலில் உங்களுக்கென்று ஒரு வக்கீல் பிடியுங்க. விற்பவர் கூட்டிட்டு வர்றவர் வேண்டாம். "பேங்க் வக்கீல் பார்த்துட்டாரே" என்பீங்க. அவர் பார்ப்பது பேங்க் பணத்துக்குப் பாதுகாப்பு!

வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போடுங்க. ஆனால் பதிவான விவரம் மட்டும்தான் அதில் வரும். அசல் பத்திரத்தைக் கந்துவட்டிக்காரரிடம் கொடுத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் தெரியாது. ஜெராக்ஸை நம்பாமல் அசலைக் கண்ணால் பாருங்க. விற்பவருடைய அக்கா தங்கச்சிக்குப் பங்கு உண்டா என்றும் வக்கீலைக் கேளுங்க.

அடுத்து கடன். 5 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி என்றால், 10 வருடத்துக்கு மாதம் சுமார் 6,335 ரூபாய், மொத்தம் 7.60 லட்சம். 20 வருடம் என்றால் மாதம் 4,500தான், ஆனால் மொத்தம் 10.80 லட்சம்! தீபாவளி முடிந்து பட்டாசு ஆலையில் வேலை குறைகிற மாதத்திலும் தவணை கட்டணுமே? அதனால் சின்னத் தவணையாக எடுத்து, போனஸ் வந்ததும் அசலில் கட்டுங்க. வட்டி மாறும் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் பேங்க் அபராதம் போடக் கூடாது. இது 2012-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு.

10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. பத்திரம் யார் பேரில் என்று வீட்டில் பேச்சு வரும்போது இதை எடுத்துச் சொல்லுங்க.