இழுக்க இழுக்க ஏறும் பாரம்: டிரக் இழுப்புப் போட்டி நடப்பது எப்படி?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள பவுலிங் கிரீன் நகரில் 1967 முதல் தேசிய டிராக்டர் இழுப்புப் போட்டி நடந்துவருகிறது. ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் இந்தப் போட்டியில் டிராக்டர்களோடு டிரக்குகளும் இறங்குகின்றன. முதன்முறை பார்ப்பவருக்கு ஒரு சந்தேகம் வரும். சீறிப் புறப்பட்டு, முதல் நூறு அடியைச் சில விநாடிகளில் தாண்டுகிற வண்டி, அடுத்த இருநூறு அடிக்குள் ஏன் திணறி நின்றுவிடுகிறது? இன்ஜினில் கோளாறு ஏதுமில்லை. பின்னால் கட்டியிருக்கும் ‘ஸ்லெட்’ என்ற சுமைவண்டி, போகப் போகப் பாரத்தைக் கூட்டிக்கொண்டே வருகிறது.

மனிதர்கள் ஏறிய காலம்

இந்த விளையாட்டு குதிரைகளில் தொடங்கியது. யாருடைய குதிரைக்குப் பலம் அதிகம் என்று பார்க்க, விவசாயிகள் பலகைச் சட்டத்தின் மேல் பாரம் வைத்து இழுக்கவிட்டனர். டிராக்டர் வந்த பிறகு, 1920களின் இறுதியில் போட்டி இயந்திரங்களுக்கு மாறியது. தடத்தின் ஓரத்தில் வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். சறுக்குப் பலகை தங்களைக் கடக்கும்போது ஒவ்வொருவராக அதில் ஏறிக்கொள்வார்கள். நம் வயல்களில் பரம்படிக்கும்போது பலகை மேல் ஆள் ஏறி நின்று அழுத்தம் கொடுப்பதைப் போன்ற ஏற்பாடுதான். ஆனால் ஏறுகிறவர்களின் எடை ஒரே மாதிரி இருக்காது. வண்டிகளின் வேகம் கூடியபோது ஆபத்தும் கூடியது. ஊருக்கு ஒரு விதி என்றிருந்த நிலையை மாற்ற, 1969இல் சில மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடி தேசிய டிராக்டர் இழுப்பாளர் சங்கத்தை (என்டிபிஏ) அமைத்தனர். 1970களில் நான்கு சக்கர இயக்கம் கொண்ட பிக்கப் டிரக்குகளும் களத்துக்கு வந்தன.

ஸ்லெட் வேலை செய்யும் விதம்

இன்றைய ஸ்லெட்டின் பின்பகுதியில் சக்கரங்கள் இருக்கும். முன்பகுதியில் தரையோடு உரசும் அகலமான இரும்புத் தட்டு இருக்கும். இரண்டுக்கும் நடுவே தண்டவாளம் போன்ற சட்டத்தில், எடைக்கட்டிகள் நிரப்பிய பெட்டி நகரும். தொடக்கத்தில் பெட்டி பின்சக்கரங்களுக்கு மேலே நிற்பதால் ஸ்லெட் எளிதாக உருளும். சக்கரம் சுழலும்போது, அதனோடு பல்சக்கரங்களால் இணைந்த சங்கிலி பெட்டியை முன்னோக்கி இழுக்கும். பெட்டி முன்னேற முன்னேற எடை சக்கரத்திலிருந்து இரும்புத் தட்டுக்கு மாறும். மண்ணோடு உராய்வு பெருகும். வண்டியால் முடியாத கட்டத்தில் எல்லாம் நின்றுவிடும்.

பெட்டியின் நகர்வு தூரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, நேரத்தோடு அல்ல. இருநூறாவது அடியில் பெட்டி எங்கே இருக்குமோ, அங்கேதான் வேகமாக வந்தவருக்கும் மெதுவாக வந்தவருக்கும் இருக்கும். எல்லோருக்கும் ஒரே சுமை என்ற நியாயம் இதிலிருந்துதான் பிறக்கிறது. அப்படியானால் வேகம் எதற்கு? பாரம் ஏறும் கட்டத்தில், சேர்த்துவைத்த உந்தம் வண்டியை இன்னும் சில அடிகள் கொண்டுசெல்லும்.

எவ்வளவு எடை, எந்தப் பல்சக்கர விகிதம், பெட்டி எங்கிருந்து புறப்பட வேண்டும் என்பதை ஸ்லெட் இயக்குபவர் ஒவ்வொரு பிரிவுக்கும் முன்கூட்டியே அமைக்கிறார். முதல் போட்டியாளரின் ஓட்டம் அந்த அமைப்புக்கும் ஒரு சோதனை. பாரம் குறைவு என்று தெரிந்து இடையில் மாற்றினால், ஏற்கெனவே இழுத்தவர்களின் தூரத்தைக் கணக்கில் கொள்ளாமல் மறுபடி தொடங்குவதே வழக்கம்.

வெற்றி, தோல்வி, தகுதியிழப்பு

அமெரிக்காவில் 300 அடியையும் ஐரோப்பாவில் 100 மீட்டரையும் கடப்பது ‘ஃபுல் புல்’, அதாவது முழு இழுப்பு. ஒருவருக்கு மேல் கடந்தால், பாரத்தைக் கூட்டி அவர்களுக்குள் மட்டும் மீண்டும் போட்டி நடக்கும். மற்றவர்கள் கடந்த தூரத்தின்படி வரிசைப்படுத்தப்படுவார்கள். வண்டியை ஸ்லெட்டோடு இணைக்கும் சங்கிலியைத் தளர்வாக விட்டு வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இறுக்கிய பிறகே புறப்பட வேண்டும். பச்சைக் கொடி காட்டினால் புறப்படலாம், சிவப்புக் கொடி காட்டினால் உடனே நிறுத்த வேண்டும். தடத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் தகுதியிழப்பு.

வண்டியின் எடை, இன்ஜினின் கொள்ளளவு, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவின் அளவு ஆகியவற்றை வைத்துப் பிரிவுகள் வகுக்கப்படுகின்றன. இரு சக்கர இயக்க டிரக்குகளுக்கு 6,200 பவுண்டு (சுமார் 2,800 கிலோ), பல டீசல் பிரிவுகளுக்கு 8,000 பவுண்டு (சுமார் 3,600 கிலோ) என்பது பரவலான எடை வரம்பு.

சங்கிலி மாட்டும் கொக்கியின் உயரத்துக்கும் கடுமையான வரம்பு உண்டு; டீசல் டிரக்குகளுக்குப் பொதுவாக 26 அங்குலம். கொக்கி உயர உயர, இழுவிசை வண்டியின் முன்பகுதியைத் தூக்கிப் பின்சக்கரங்களை மண்ணில் அழுத்தும், பிடிமானம் கூடும். அளவு மீறினால் வண்டி மல்லாந்துவிடும் ஆபத்து உண்டு. முன்சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கும்போது ஸ்டீயரிங்கால் பயனில்லை. ஆகவே இரு சக்கர இயக்க வண்டிகளில் இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் வைத்துத் திசை திருப்புகிறார்கள்.

உயிர் காக்கும் கயிறு

எல்லா விதிகளிலும் முக்கியமானது கில் சுவிட்ச். வண்டியின் பின்புறத்தில் உள்ள இந்தச் சுவிட்சை ஸ்லெட்டோடு ஒரு கயிறு இணைக்கும். இழுவைச் சங்கிலி அறுந்தால் கயிறு சுவிட்சைப் பிடுங்கி இன்ஜினை நிறுத்திவிடும். பெட்ரோல், மெத்தனால் இன்ஜின்களில் பற்றவைப்பு துண்டிக்கப்படும். டீசல் இன்ஜினில் காற்று வரும் வழி அடைபடும். ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்தால், ஸ்லெட்டில் அமர்ந்திருப்பவரே வண்டியை நிறுத்தவும் முடியும். தீத்தாங்கும் உடை, தலைக்கவசம், வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் உருள்கூண்டு, சுழலும் பாகங்கள் சிதறாமல் தடுக்கும் கவசங்கள் ஆகியவையும் பிரிவுக்கேற்பக் கட்டாயம்.

நம் நாட்டிலும் இத்தகைய விளையாட்டு உண்டு: பஞ்சாபில் இரண்டு டிராக்டர்களை எதிரெதிராகக் கட்டி இழுக்கவிடும் ‘டோச்சன்’ பிரபலம். அதே மாநிலத்தில் 2023 அக்டோபரில் டிராக்டர் சாகசத்தின்போது ஓர் இளைஞர் உயிரிழந்தார். அதன் பிறகு அரசு அத்தகைய சாகசங்களுக்குத் தடை விதித்தது. இன்ஜின் பலத்தைக் களத்தில் காட்ட ஆசைப்படுகிறவர்கள், பெரிய டர்போவுக்குச் செலவழிக்கும் முன் ஒரு கில் சுவிட்சைப் பொருத்துங்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரு விதிப்புத்தகத்தை எழுதிக்கொள்ளுங்கள். அவை இல்லாத இடத்தில் நடப்பது போட்டியே அல்ல.