செல்லோவில் எழுந்த கண்டி மேளம்

ரோஹன் டி சேரம், மேற்கத்திய செவ்வியல் இசையில் உலக அளவில் பெயர் பெற்ற இலங்கைச் செல்லோ கலைஞர். 1939 மார்ச் 9 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தார், வளர்ந்தது இலங்கையில். ஆண்களே ஆடிவந்த கண்டி நடனத்தைக் கற்று மேடையில் ஆடிய முதல் பெண்களில் ஒருவர் அவருடைய தாய் மிரியம். சகோதரர் துருவி பியானோ கலைஞர். மேற்கத்திய இசையும் கண்டி மேளமும் ஒரே வீட்டில் புழங்கியதால், சிறுவன் ரோஹன் செல்லோவோடு மேளமும் பழகினார். அந்த மேளப் பயிற்சி அறுபது வயதுக்கு மேல் அவருக்குக் கைகொடுத்தது.

செல்லோ, வயலின் குடும்பத்தின் கனத்த குரல். உட்கார்ந்து, முழங்கால்களுக்கு இடையில் நிறுத்தி வாசிக்க வேண்டிய கருவி. நான்கு தந்திகள், அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ஷட்ஜ பஞ்சம உறவு. ஆணின் அடிக்குரல் முதல் பெண்ணின் குரல் வரை அதில் எழுப்ப முடியும். இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பெயர் தெரியாவிட்டாலும் அதன் நாதம் பழக்கமானதே.

பதினொரு வயதில் டி சேரம் இத்தாலிக்குப் போய், சியெனாவிலும் ஃபிளாரன்ஸிலும் காஸ்பர் கஸ்ஸாதோவிடம் பாடம் கேட்டார். கஸ்ஸாதோ, செல்லோ மேதை பாப்லோ கசால்ஸின் சீடர். 1955-இல் டி சேரத்துக்குச் சுஜியா உதவித்தொகை கிடைத்தது. போர்ச்சுகீசியக் கலைஞர் கில்யெர்மினா சுஜியா, தம் ஸ்ட்ராடிவாரி செல்லோவை விற்று இளம் செல்லோ கலைஞர்களுக்கு உதவும்படி உயில் எழுதியிருந்தார். ஒரு கருவி கைமாறியதில் எத்தனையோ பிள்ளைகள் படித்தார்கள். மறு ஆண்டு அந்த உதவித்தொகையைப் பெற்ற சிறுமி, பின்னாளில் புகழ்பெற்ற செல்லோ கலைஞரான ஜாக்குலின் டு ப்ரே. அந்த உதவியால் டி சேரம் லண்டனில் இசைநடத்துநர் ஜான் பார்பிரோலியிடமும், போர்ட்டோ ரிக்கோவில் கசால்ஸிடமே நேரடியாகவும் பயின்றார். 1960-இல் நியூயார்க் கார்னகி அரங்கில், நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் இசையமைப்பாளர் கச்சதூரியானின் செல்லோ கான்செர்ட்டோவை வாசித்தது அமெரிக்காவில் அவருடைய அரங்கேற்றம்.

இந்த இடத்தில் நின்றிருந்தால் அவர் பாக், டுவோர்ஷாக் வாசிக்கும் சிறந்த கலைஞர்களில் ஒருவராக இருந்திருப்பார். அவரை இழுத்ததோ வாழும் இசையமைப்பாளர்களின் புதிய இசை. இசையமைப்பாளர் ஸெனாகிஸின் 'கோட்டோஸ்' (1977) அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படும் படைப்பு. நூறு கைகள் கொண்ட கிரேக்கப் புராண அரக்கனின் பெயர் அது. இனிய நாதத்தை அது கேட்பதில்லை. வில்லை, தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டின் மேலேயே அழுத்தி அரைத்து, கரகரப்பை எழுப்பச் சொல்கிறது. அந்தக் கரகரப்பையும் இசையாக்கக் கை எவ்வளவு பக்குவப்பட்டிருக்க வேண்டும் என்பது வாசித்துப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

1970-களின் பிற்பகுதியில் லண்டனின் ஆர்டிட்டி நால்வர் குழுவில் சேர்ந்து, 2005 வரை அதில் இருந்தார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட அந்தக் குழுவுக்கென்றே உலகின் முக்கிய இசையமைப்பாளர்கள் எழுதினார்கள். 1995-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் ஹெலிகாப்டர் நால்வரிசையை ஆம்ஸ்டர்டாமில் முதன்முதலாக வாசித்ததும் இவர்கள்தாம். நால்வரும் ஆளுக்கொரு ஹெலிகாப்டரில் ஏறிப் பறந்தபடி வாசித்தார்கள்; இறக்கைகளின் இரைச்சலோடு கலந்த அந்த இசை கீழே அரங்கில் ஒலித்தது. 1999-இல் குழுவுக்கு எர்ன்ஸ்ட் வான் சீமென்ஸ் இசைப் பரிசு கிடைத்தது.

இருந்தும் டி சேரத்தின் வாழ்வில் தனித்து நிற்பது 2002-இல் வந்த 'செக்வென்ஸா 14'. இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ 1958 முதல் ஒவ்வொரு தனிக் கருவிக்கும் ஒரு 'செக்வென்ஸா' எழுதி வந்தார். அந்த வரிசையின் கடைசிப் படைப்பு இது. செல்லோவுக்காக, டி சேரத்துக்கென்றே எழுதப்பட்டது. மறு ஆண்டு பெரியோ மறைந்தார். டி சேரத்திடமிருந்து கண்டி மேளத்தின் தாளங்களை அறிந்துகொண்ட பெரியோ, அவற்றைப் படைப்பின் உள்ளேயே வைத்தார். கண்டி மேளம் இடுப்பில் கட்டி, நின்றபடியே இரு முகங்களிலும் கைகளால் அடிப்பது. அந்த இரு கை வேலை இங்கே செல்லோவுக்கு வருகிறது: வலக்கை வில்லை விட்டுவிட்டு மர உடலைத் தட்டுகிறது, இடக்கை விரல்கள் தந்திகளின் மேல் அடித்து ஸ்வரங்களை எழுப்புகின்றன. வாசிப்பவர் ஒரே நேரத்தில் மேளக்காரரும் ஆகிறார். கீழைத் தாளத்தை அலங்காரத்துக்காக ஒட்டிய மேற்கத்தியப் படைப்புகள் பல உண்டு. இதில் தாளம்தான் எலும்பு.

குழுவை விட்ட பிறகும் அவர் தனிக் கச்சேரிகளையும் பிற கலைஞர்களோடு மனோதர்மமாக வாசிப்பதையும் தொடர்ந்தார். இலங்கை அரசு அவருக்குத் 'தேசமான்ய' பட்டம் வழங்கியது. 2024 செப்டம்பர் 29 அன்று, 85-ஆம் வயதில் காலமானார். 'செக்வென்ஸா 14' இன்று பல நாட்டு இளம் செல்லோ கலைஞர்களின் மேடைப் பட்டியலில் இருக்கிறது. அதை வாசிக்க முன்வருபவர், வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கண்டியின் தாளத்தை விரலில் பழகியாக வேண்டும்.