மெகமூத்

மெகமூத் (செப்டம்பர் 29, 1932 – ஜூலை 23, 2004) இந்தித் திரைப்பட நகைச்சுவை நடிகர், தயாரிப்பாளர், இயக்குநர். 1960களிலும் 1970களின் முற்பாதியிலும் இந்தித் திரையின் முதன்மையான நகைச்சுவை நடிகராக இருந்தார். சுமார் 300 படங்களில் நடித்தார். அவருடைய புகழ்பெற்ற வேடங்களில் பல தமிழ்ப் படங்களிலிருந்து சென்றவை. குறிப்பாக, நாகேஷ் தமிழில் செய்த வேடங்களை இந்தியில் மீண்டும் மீண்டும் செய்தவர் மெகமூத். பெரம்பலூரிலோ அரியலூரிலோ இருக்கும் ஒரு கல்லூரி மாணவர் இன்று இணையத்தில் அவருடைய படத்தை முதன்முறையாகப் பார்த்தால், ‘இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே’ என்று தோன்றும். அவர் பார்த்திருப்பது உண்மைதான்.

பிறப்பு, இளமை

மெகமூத் பம்பாயில் பிறந்தார். தந்தை மும்தாஜ் அலி பாம்பே டாக்கீஸ் படங்களில் நடனமாடியவர், நடிகர். தாய் லத்தீபுன்னிசா. உடன்பிறந்தவர்கள் ஏழு பேர். அவர்களில் மினு மும்தாஜ் நடன நடிகையாகவும், அன்வர் அலி நடிகராகவும் அறியப்பட்டனர்.

1943இல் வெளிவந்த ‘கிஸ்மத்’ படத்தில் அசோக்குமாரின் சிறுவயதுத் தோற்றத்தில் மெகமூத் நடித்தார். அதன்பின் பல ஆண்டுகள் வாய்ப்பில்லை. சில்லறை வேலைகள் பார்த்தார், இயக்குநர் பி.எல். சந்தோஷியிடம் கார் ஓட்டினார், நடிகை மீனாகுமாரிக்கு மேசைப்பந்து கற்றுக்கொடுத்தார். அந்த வீட்டுப் பழக்கத்தில் மீனாகுமாரியின் தங்கை மதுவை மணந்தார். குடும்பம் ஆனதும் வருமானம் தேவைப்பட்டது. மீண்டும் ஸ்டுடியோ வாசலுக்கு வந்தார்.

பிமல் ராயின் ‘தோ பிகா ஜமீன்’ (1953) படத்தில் கடலை விற்பவர், ‘சி.ஐ.டி.’ (1956) படத்தில் கொலைகாரர், குருதத்தின் ‘பியாசா’ (1957) படத்தில் நாயகனின் சுயநலக்கார அண்ணன் என்று சிறு வேடங்கள் கிடைத்தன. இவற்றில் நகைச்சுவை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அப்போது இந்தியில் நகைச்சுவை என்றால் ஜானி வாக்கர்தான். ‘பர்வரிஷ்’ (1958) படத்தில் ராஜ்கபூருக்குத் தம்பியாக நடித்தபோது மெகமூதுக்கு முதன்முறையாகப் பெரிய வேடம் அமைந்தது.

சென்னை வழியாக வந்த புகழ்

மெகமூதைப் பம்பாய் கண்டுகொண்டதைவிடச் சென்னை முன்பே கண்டுகொண்டது என்று சொன்னால் அது மிகையில்லை. ஜெமினியின் ‘சந்திரலேகா’ 1948இல் இந்தியிலும் வெற்றி பெற்றதிலிருந்து சென்னை நிறுவனங்கள் வடக்குச் சந்தையைக் கைவிடவில்லை. ஜெமினி, ஏவி.எம்., பிரசாத், சித்ராலயா ஆகியவை தெற்கில் ஓடிய கதையை எடுத்து, இந்தி நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுத்தன. கதை ஏற்கெனவே ஓடிய கதை என்பதால் நட்டம் குறைவு. எந்த இடத்தில் மக்கள் சிரிப்பார்கள், எந்த இடத்தில் அழுவார்கள் என்பதும் தயாரிப்பாளருக்கு முன்பே தெரியும். இந்தப் படங்களுக்கு நகைச்சுவைத் தனித்தடம் கட்டாயம் தேவைப்பட்டது. தமிழ்ப்படத்தில் நகைச்சுவை நடிகருக்கு ஒரு காதலி, ஒரு மாமனார், ஒரு பாட்டு என்று தனிக் கதையே இருக்கும். அதை இந்தியில் தாங்கக்கூடிய நடிகராக மெகமூத் அமைந்தார்.

எல்.வி. பிரசாத் எடுத்த ‘சோட்டி பகன்’ (1959) அவருக்குத் திருப்புமுனை. அது தமிழில் 1952இல் வந்த ‘என் தங்கை’ படத்தின் இந்தி வடிவம். அதில் மெகமூதுக்கு இணையாக நடித்தவர் சுபா கோட்டே. பிரசாத் நிறுவனத்தின் ‘சசுரால்’ (1961), ‘ஹம்ராகி’ (1963), ஜெமினியின் ‘கிரகஸ்தி’ (1963) ஆகியவற்றிலும் இந்த ஜோடி தொடர்ந்தது. காதலியின் தந்தையாக நடிகர் தூமல் சேர்ந்துகொள்வார். இந்த மூவரின் பெயரைப் பார்த்தே கூட்டம் வந்தது.

பி.ஆர். பந்துலு தமிழில் எடுத்த ‘சபாஷ் மீனா’ (1958) படத்தில் சிவாஜி கணேசனுக்கு ஈடுகொடுத்து சந்திரபாபு இரட்டை வேடத்தில் நடித்திருந்தார். அதைப் பந்துலுவே ‘தில் தேரா தீவானா’ (1962) என்று இந்தியில் எடுத்தபோது சிவாஜியின் இடத்தில் ஷம்மி கபூரும் சந்திரபாபுவின் இடத்தில் மெகமூதும் நடித்தனர். சிறந்த துணை நடிகருக்கான பிலிம்பேர் விருது மெகமூதுக்கு இப்படத்திற்காகக் கிடைத்தது. சந்திரபாபுவுக்குத் தமிழில் கைதட்டல் கிடைத்தது, ஆனால் அப்படிப்பட்ட விருது எதுவும் அன்று நகைச்சுவை நடிகர்களைத் தேடி வரவில்லை.

நாகேஷும் மெகமூதும்

நாகேஷ் 1933 செப்டம்பர் 27இல் தாராபுரத்தில் பிறந்தவர். மெகமூதைவிட ஓராண்டு இளையவர், நாள் கணக்கில் இரண்டு நாள் குறைவு. இருவர் பாதையும் முதலில் சந்தித்தது ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) படத்தில். மருத்துவமனை வார்டுபாயாக நாகேஷ் நடித்த அந்தப் படம் மறுஆண்டே ‘தில் ஏக் மந்திர்’ என்று இந்தியில் வந்தது. அதில் நகைச்சுவைப் பகுதி மெகமூதுக்கு.

அடுத்து வந்தது ‘காதலிக்க நேரமில்லை’ (1964). ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பா தன் தந்தை டி.எஸ். பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைத் தெரியாத தமிழர் குறைவு. அந்தக் காட்சியில் அரங்க அமைப்பு கிடையாது, பேய் கிடையாது. ஓர் அறை, இரண்டு நடிகர்கள், நாகேஷ் வாயால் எழுப்பும் ஓசைகள், அவற்றைக் கேட்டு பாலையாவின் முகம் போகும் போக்கு, அவ்வளவுதான். ஸ்ரீதரே இதை இந்தியில் ‘பியார் கியே ஜா’ (1966) என்று எடுத்தார். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் ‘வாஹ் வாஹ் புரொடக்‌ஷன்ஸ்’ ஆனது. மெகமூத் கதை சொல்ல, தந்தையாக ஓம் பிரகாஷ் நடுங்கினார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நடிப்பு பயிலும் மாணவருக்கு நல்ல பாடம். நாகேஷ் தானே கதைக்குள் காணாமல் போகிறார், கேட்பவர் பயப்படுவதை அவர் கவனிப்பதாகவே தெரியாது. மெகமூதோ பயமுறுத்துகிறோம் என்று தெரிந்தே பயமுறுத்துகிறார். சிரிப்பு இரண்டிலும் வருகிறது, ஆனால் வரும் வழி வேறு. பிலிம்பேர் நிறுவனம் சிறந்த நகைச்சுவை நடிகர் என்ற விருதை 1967இல் முதன்முறையாக வழங்கியபோது அதைப் பெற்றவர் மெகமூத், இந்தப் படத்திற்காக.

தொடர்ந்து வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ‘சாது மிரண்டால்’ (1966) ‘சாது அவுர் சைத்தான்’ (1968) ஆனது. ‘நான்’ (1967) படத்தை டி.ஆர். ராமண்ணா ‘வாரிஸ்’ (1969) என்று எடுத்தார், அதற்கும் மெகமூத் பிலிம்பேர் விருது பெற்றார். எம்.ஜி.ஆர். நடித்த ‘பணக்கார குடும்பம்’ (1964) ‘ஹம்ஜோலி’ (1970) ஆனபோது, மெகமூத் மூன்று வேடங்களில் வந்து பிருத்விராஜ் கபூர், ராஜ்கபூர், ரந்தீர் கபூர் ஆகிய மூன்று தலைமுறையையும் கேலி செய்தார். இது தமிழில் இல்லாத, முழுக்க அவருடைய சரக்கு. பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ (1968) ஜெமினி வழியாக ‘லாக்கோன் மே ஏக்’ (1971) ஆகவும், ‘அனுபவி ராஜா அனுபவி’ (1967) ‘தோ பூல்’ ஆகவும் மாறின. பின்னதில் தூத்துக்குடி முத்துக்குளிப்பைப் பற்றிய தமிழ்ப் பாட்டின் முதல் சொற்களையே உருக்குலைத்து இந்திப் பாட்டின் தொடக்கமாக வைத்தார்கள். வடக்கில் அதை அர்த்தமில்லாத வேடிக்கை ஒலி என்றே பலரும் நினைத்திருப்பார்கள்.

‘சர்வர் சுந்தரம்’ (1964) தனியாகப் பேசவேண்டிய படம். ஓட்டலில் பரிமாறும் இளைஞன் திரைநட்சத்திரம் ஆகிறான், ஆனால் தான் விரும்பிய பெண்ணை அடைய முடியவில்லை. அழகில்லாத முகம் ஒருவனுக்கு என்ன செய்யும் என்பதே கதையின் உயிர். அம்மைத் தழும்பும் ஒல்லி உடம்புமாக நாகேஷ் திரையில் வந்து நின்றாலே பாதிக் கதை சொல்லியாகிவிடும். ஏவி.எம். இதை ‘மே சுந்தர் ஹூன்’ (1971) என்று இந்தியில் எடுத்தது. மெகமூத் நன்றாகவே நடித்தார். ஆனால் அவர் இயல்பில் களையான மனிதர். அழகில்லாதவனாகத் தோன்ற அவர் நடிக்க வேண்டியிருந்தது. நாகேஷுக்கு அந்த வேலை இல்லை. இந்தி வடிவம் அழவைத்தாலும் மூலத்தின் குத்தல் அதில் இல்லாததற்கு இதுவே காரணம் என்று தோன்றுகிறது.

இதையெல்லாம் வைத்து மெகமூதை நாகேஷின் நகல் என்று முடிவுகட்டுவது தவறு. உரிமை பெற்று, பெரும்பாலும் அதே தயாரிப்பாளரும் இயக்குநரும் எடுத்த படங்கள் இவை. ஆனாலும் ஓர் ஏற்றத்தாழ்வு இருந்தது. வேடத்தை முதலில் கண்டுபிடித்தவரின் பெயர் விந்தியத்துக்கு அப்பால் போகவில்லை, அதை எடுத்துச் செய்தவரின் பெயர் நாடு முழுவதும் தெரிந்தது.

மாஸ்டர் பிள்ளை

மெகமூதின் மிகப் புகழ்பெற்ற வேடம், தமிழர்களைப் பொறுத்தவரை மிகச் சங்கடமான வேடமும்கூட. என்.சி. சிப்பியுடன் சேர்ந்து அவர் தயாரித்த ‘படோசன்’ (1968) படத்தில் நாயகிக்கு இசையும் நடனமும் கற்றுத்தரும் தென்னிந்தியர் ‘மாஸ்டர் பிள்ளை’யாக நடித்தார். குடுமி, நெற்றிக்குறி, வேட்டி, இழுத்துப் பேசும் உடைந்த இந்தி. பெயர் பிள்ளை, தோற்றம் ஐயர், உச்சரிப்பு எந்த ஊருக்கும் சொந்தமில்லாதது. தெற்கில் நான்கு மொழிகள் இருப்பதை மறந்து எல்லோரையும் ‘மதராசி’ என்று அழைத்த பழக்கத்தின் திரை உருவம் இது. இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து நான்கு ஆண்டுகள்கூட முழுதாகக் கடந்திராத காலம். படம் வந்த அதே 1968இல்தான் தமிழ்நாடு சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை நிறைவேற்றியது.

படத்தின் உச்சமான பாட்டுப் போட்டியில் பிள்ளைக்கு மன்னா டே பின்னணி பாடினார். எதிரில் நாயகன் சுனில் தத் வெறும் வாயசைக்க, மறைவிலிருந்து பாடுவது கிஷோர் குமார். முறையாகக் கற்றவர் தோற்கிறார், ஏமாற்று வெல்கிறது. பார்வையாளர் சிரிக்கிறார். ஆனால் தனக்கு நியாயமாகச் சேர வேண்டிய வெற்றி ஏன் கைநழுவியது என்று புரியாமல் தவிக்கும் பிள்ளையின் முகத்தை மெகமூத் வெறும் கேலியாக விட்டுவிடவில்லை. அந்தத் தவிப்பினால்தான் அந்த வேடம் இன்னும் நினைவில் நிற்கிறது.

இக்கதை வங்க மொழியில் 1952இல் வந்த ‘பாஷேர் பாரி’ படத்திலிருந்து எடுக்கப்பட்டது. அஞ்சலிதேவியும் டி.ஆர். ராமச்சந்திரனும் நடித்து ‘அடுத்த வீட்டுப் பெண்’ (1960) என்று தமிழில் எட்டு ஆண்டு முன்பே இது வந்துவிட்டது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வட்டிக்குக் கொடுக்கும் ‘சேட்டு’ உடைந்த தமிழ் பேசிச் சிரிப்பு மூட்டும் காட்சி நம் படங்களில் எத்தனை என்று எண்ணிப்பார்த்தால், குற்றம் ஒருபக்கம் மட்டும் இல்லை என்பது தெரியும்.

‘கும்நாம்’ (1965) படத்தில் லுங்கி கட்டிய பட்லராக ஹைதராபாத் பாணித் தக்கினியில் அவர் பேசியது இதைவிட அன்பாக வரவேற்கப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது பேசும் குடும்பங்களுக்கு அந்தப் பேச்சு நன்கு பழகியதே.

தயாரிப்பும் இயக்கமும்

மெகமூத் புதியவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தவர். அவர் தயாரித்த ‘சோட்டே நவாப்’ (1961) படத்தில்தான் ஆர்.டி. பர்மன் இசையமைப்பாளராக அறிமுகமானார். ராஜேஷ் ரோஷனின் முதல் படமும் மெகமூதின் ‘குன்வாரா பாப்’ (1974). ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ (1966) படத்தை எஸ். ராமநாதன் இயக்கத்தில் ‘பாம்பே டு கோவா’ (1972) என்று எடுத்தபோது, அடுத்தடுத்துத் தோல்விகள் கண்டிருந்த அமிதாப் பச்சன் நாயகனாக நடித்தார். தமிழில் பகோடா கேட்டு அடம்பிடித்த சிறுவனுக்கு ‘பகோடா காதர்’ என்ற பெயர் நிலைத்தது, இந்தியிலும் அந்தப் பகோடாச் சிறுவன் இருக்கிறான். மெகமூத் கண்டக்டர், தம்பி அன்வர் அலி டிரைவர். வேடங்களின் பெயர் கண்ணா, ராஜேஷ். அன்றைய உச்ச நட்சத்திரத்தின் பெயரை இரண்டாக வெட்டிப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள்.

‘குன்வாரா பாப்’ அவருடைய சொந்த வலியிலிருந்து வந்தது. அவர் மகன்களில் ஒருவர் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர். கைவிடப்பட்ட குழந்தையை எடுத்து வளர்க்கும் ரிக்‌ஷாக்காரராக மெகமூத் நடித்தார், அந்த மகனே படத்திலும் மகனாக நடித்தார். தடுப்பு மருந்து கொடுக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதைப் படம் நேரடியாகவே சொல்கிறது. அந்தக் காலத்துக்கு அது அரிய துணிச்சல்.

பிற்காலம்

1970களின் பிற்பாதியில் மெகமூதின் இடம் சுருங்கியது. அமிதாப் பச்சன் ‘ஜஞ்சீர்’ (1973) படத்துக்குப் பின் கோபக்கார நாயகனானார். ‘அமர் அக்பர் அந்தோணி’ (1977) போன்ற படங்களில் அடிதடியோடு நகைச்சுவையையும் நாயகனே செய்தார். தனி நகைச்சுவைத் தடத்துக்குத் தேவை குறைந்தது. தான் நாயகனாக்கிப் படமெடுத்த இளைஞரே தன் தொழிலுக்கு வேலையில்லாமல் செய்தது மெகமூதின் வாழ்க்கையில் நேர்ந்த வேடிக்கை. அவருடைய படங்களில் அழுகைக்காட்சிகள் அளவு மீறியதும் ஒரு காரணம் என்று சொல்ல வேண்டும்.

பிற்காலத்தில் பெங்களூரில் குதிரைகள் வளர்த்து வாழ்ந்தார். ‘அந்தாஸ் அப்னா அப்னா’ (1994) படத்தில் சிறு வேடத்தில் தோன்றினார். அதில் அவருடைய பட நிறுவனத்தின் பெயர் வாஹ் வாஹ் புரொடக்‌ஷன்ஸ். முப்பது ஆண்டு முன்பு செல்லப்பா திண்ணையில் தொடங்கிய ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்தான் அது. மெகமூத் கடைசியாக இயக்கிய படம் ‘துஷ்மன் துனியா கா’ (1996). அதே ஆண்டில் அவருடைய மகன் லக்கி அலி ‘சுனோ’ இசைத்தொகுப்பின் வழியே பாடகராகப் புகழ்பெற்றார்.

நீண்டநாள் இதய நோயால் அவதிப்பட்ட மெகமூத் சிகிச்சைக்காக அமெரிக்கா சென்றிருந்தபோது, 2004 ஜூலை 23இல் பென்சில்வேனியா மாநிலத்தில் உறக்கத்திலேயே காலமானார். நாகேஷ் 2009 ஜனவரி 31இல் சென்னையில் மறைந்தார்.